மூணு கலர் டைம்டேபிளும் என் மாமியாரும்

அன்புள்ள அக்கா,

டெக்சாஸ்ல இருக்கேன், ரெண்டு பசங்க. படிப்பை விட்டு பத்து வருஷம் கழிச்சு கம்யூனிட்டி காலேஜ்ல சேர்ந்திருக்கேன். கிளாஸுக்குப் போகாம கிளெப் பரீட்சை எழுதியே கிரெடிட் வாங்கலாம்னு அட்வைசர் சொன்னாங்க. அமெரிக்கன் கவர்ன்மென்ட், சைக்காலஜி, காலேஜ் அல்ஜீப்ரா மூணையும் ஆகஸ்டுக்குள்ள முடிக்கணும், பதினோரு வாரம் இருக்கு. பசங்க தூங்கினதுக்கப்புறம் ஒம்பதரைல இருந்து பதினொன்னரை வரைக்கும் உக்காரலாம், ஞாயிறு முடியாது. எந்தப் பாடத்துக்கு எத்தனை வாரம் ஒதுக்கட்டும்? எந்த புக் நல்லது? இது குறுக்கு வழின்னு என் ஓர்ப்படி சொல்றாங்க, அப்படியா? நான் போட்ட டைம்டேபிளை இணைச்சிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அக்கான்னு கூப்பிட்டுட்ட, அதனால நீன்னே எழுதுறேன் கண்ணு.

போன வாரம் கராஜை ஒழிச்சப்ப ஒரு பெட்டில என்னோட பழைய அமெரிக்கன் கவர்ன்மென்ட் புக் கிடைச்சது, அதைக் கையில வெச்சுக்கிட்டு அங்கேயே தரையில உக்காந்துட்டேன். ரெண்டு நாள் கழிச்சு உன் கடிதம் வருது. பதில் எழுதாம எப்படி இருக்கறது?

ஓர்ப்படிய விடு. காலேஜ் உனக்குக் குடுக்கற கிரெடிட்டுக்கு அவங்க எதுக்கு விளக்கம் கேக்கணும். புக்குக்கு பெருசா அலைய வேணாம், பரீட்சையை நடத்துற காலேஜ் போர்டே போடற கைடு ஒன்னு போதும். மாடர்ன் ஸ்டேட்ஸ்னு ஒரு அமைப்பு இலவசமா பாடம் நடத்துது, முடிச்சா பரீட்சை ஃபீஸுக்கு வவுச்சரும் தருது, வாங்கிக்கோ. ஆனா பணம் கட்டறதுக்கு முன்னாடி உன் காலேஜ்ல எந்தப் பரீட்சைக்கு எத்தனை கிரெடிட், எவ்வளவு ஸ்கோர் வேணும்னு ஈமெயில்ல எழுதி வாங்கிடு, வாய்வார்த்தைய நம்பாத. 20ல இருந்து 80 வரைக்கும் ஸ்கோர், பொதுவா 50 கேப்பாங்க, ஆனா காலேஜுக்குக் காலேஜ் மாறும்.

இப்ப அந்த டைம்டேபிள். மஞ்சள், பச்சை, ஊதான்னு மூணு கலர் அடிச்சு, சேப்டர் 1, சேப்டர் 2ன்னு வரிசையா போட்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் கடைசி மூணு நாள் மட்டும் ரிவிஷன். ஏம்மா, இத்தனை கட்டத்துல புக்கை மூடி வெக்கிறதுக்கு ஒரு கட்டம் கூட இல்லையே? பதினோரு வாரமும் படிச்சுக்கிட்டே இருப்ப, ஞாபகம் இருக்கான்னு பரீட்சை ஹால்லதான் பாப்பியா? அது ரொம்ப லேட்டு.

நானும் அதைத்தான் செஞ்சேன். மொத தடவை அமெரிக்கன் கவர்ன்மென்டுக்கு புக்கை மூணு வாட்டி படிச்சேன், பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் ஹைலைட்டர். பாத்தா எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருந்துச்சு. 90 நிமிஷத்துல 100 கேள்வி, ஒன்னுக்கு ஒரு நிமிஷம் கூட இல்ல. முடிச்ச உடனே ஸ்க்ரீன்லயே ஸ்கோர் வந்துடுச்சு, 46. பார்க்கிங்ல கார்க்குள்ள உக்காந்து அழுதேன். தோத்தா இப்ப மூணு மாசம் காத்திருக்கணும், அப்ப ஆறு மாசம்.

அந்த ஆறு மாசத்துலதான் என் மாமியார் ஊர்ல இருந்து வந்தாங்க. ஜனவரி, வெளியில பனி, அவங்களுக்குப் போக எடமில்ல, பேச ஆளில்ல. ராத்திரி நான் படிக்கிறப்ப எதிர்ல உக்காந்து பூண்டு உரிப்பாங்க. ஒரு நாள், "என்னதான் படிக்கிற, எனக்கும் சொல்லேன்"னாங்க. புக்கை அவங்க பக்கம் தள்ளிட்டு சொல்ல ஆரம்பிச்சேன், ரெண்டாவது நிமிஷமே தடுமாறிப் போச்சு. அவங்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, ஆனா நான் எங்க முழிக்கிறேன்னு என் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சு, "இது எந்த எடம்?"னு கேட்டு அந்தத் தலைப்புக்குப் பக்கத்துல பென்சிலால ஒரு சுழி போடுவாங்க. மறுநாள் சுழி போட்ட எடத்துல இருந்துதான் தொடங்கணும்.

1803ல வந்த மார்பரி வெர்சஸ் மேடிசன் வழக்கைச் சொன்னேன், காங்கிரஸ், அதாவது இங்கத்த பார்லிமென்ட், போட்ட சட்டம் அரசியல் சாசனத்துக்கு ஒத்து வரலேன்னா அது செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்ன வழக்கு. "அந்த அதிகாரத்தை கோர்ட்டுக்கு யாரு குடுத்தா?"ன்னாங்க. கோர்ட்டே எடுத்துக்கிச்சு அத்தைன்னேன். "அவங்களே எடுத்துக்கிட்டா மத்தவங்க சும்மாவா விட்டாங்க?" பதில் தெரியல. சுழி. திரும்பப் போய் படிச்சப்பதான் புரிஞ்சுது, வழக்கு போட்ட மார்பரி கேட்ட பதவிய கோர்ட் வாங்கிக் குடுக்கல, அதனால அப்ப ஜனாதிபதியா இருந்த ஜெஃபர்சனோட அரசாங்கம் மீறறதுக்கு அந்தத் தீர்ப்புல ஒன்னுமே இல்ல. மூணு வாட்டி படிச்சப்ப இது என் கண்ணுல படவே இல்லம்மா.

நீ சைக்காலஜி எழுதப் போறியே, அதுலயே இருக்கு இது. 2006ல ரோடிகர், கார்ப்பிக்னு ரெண்டு சைக்காலஜி ஆராய்ச்சியாளருங்க காலேஜ் பசங்களை வெச்சு சோதிச்சாங்க. திரும்பத் திரும்பப் படிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு நல்லா சொன்னாங்க, ஆனா ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா, பாக்காம எழுதிப் பாத்தவங்களுக்குத்தான் அதிகமா ஞாபகம் இருந்துச்சு. நம்ம ஊர்ல ஒப்பிக்கிறதுன்னு கேலி பண்றோம். சொந்த வார்த்தையில, எதிர்ல இருக்கறவங்களுக்குப் புரியற மாதிரி ஒப்பிச்சுப் பாரு, எவ்வளவு கஷ்டம்னு தெரியும்.

கணக்குக்கு வரேன். ராத்திரி ரெண்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள், பதினோரு வாரம்னா 132 மணி நேரம். இங்க மூணு கிரெடிட் கோர்ஸ் ஒன்னுக்கே கிளாஸும் வீட்டுப் படிப்பும் சேத்து ஏறக்குறைய 135 மணி நேரம்னு கணக்கு வெப்பாங்க. அதுக்குள்ள மூணு பாடத்தைத் திணிக்காத, உடம்பு கெட்டுடும். சைக்காலஜிய டிசம்பருக்குத் தள்ளு. அல்ஜீப்ரா தினம் முக்கால் மணி நேரம், நோட்டுல கையால போட்டுப் பாரு. கவர்ன்மென்டுக்கு மிச்ச நேரம், அதுல பாதி புக்கை மூடி வெச்சு.

இன்னிக்கு ராத்திரி அந்த எக்செல்லைத் தொறக்காத. ஒன்னும் படிக்காமலே மாதிரிப் பரீட்சை ஒன்னு கடிகாரம் வெச்சு எழுது. தப்புக்கு மார்க் குறைக்க மாட்டாங்க, ஒன்னையும் காலியா விடாத. எங்க சறுக்குதோ அங்க இருந்து டைம்டேபிள் போடு. வீட்டுல கேக்க யாராச்சும் இருக்காங்களா, எழுது. யாரும் இல்லேன்னா ஞாயித்துக்கிழமை மதியம் எனக்கு போன் பண்ணு, நம்பர் தனியா அனுப்பறேன். அத்தை போய் நாலு வருஷமாச்சு, அந்தப் பென்சில் சுழியெல்லாம் இன்னும் அழியல.