நின்ற வானுக்குப் பின்னால் என்ன வருகிறது?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போக, பஸ்ஸால் இறங்கி ஆஸ்பத்திரி வீதியைக் கடக்க வேண்டும். மஞ்சள் கடவையில் நின்றால் ஒருத்தரும் நிற்பதில்லை. அம்மா என் கையை இழுத்துக்கொண்டு வேறு இடத்தில் வாகனங்களுக்கு இடையில் வெளி பார்த்து இறங்கிவிடுகிறா. "கடவையில நிண்டாத்தான் அடிபடுவம்" என்கிறா. அம்மா சொல்வது சரியா?
- ஒரு மகள், கொக்குவில்

பதில்: பிள்ளை, அம்மாவின் பயம் நியாயமானது. அவ கண்டுபிடித்த வழிதான் பிழை.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பல வருடங்களுக்கு முன் வேம்படிச் சந்திக்குக் கிட்ட, ஒரு கடவையில் வான் ஒன்று நின்றது. ஆள் ஏற்றுகிறார் என்று நினைத்து மோட்டார் சைக்கிளில் வலப்பக்கத்தால் விலத்தினேன். வானின் முன்பக்கத்தில் முதலில் தெரிந்தது ஒரு குடையின் நுனி. பிறகு வெள்ளைச் சீருடை. பிறேக் பிடித்து நின்றபோது முன் சில்லுக்கும் அவளின் சப்பாத்துக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. அந்தப் பிள்ளை என்னைக் காணவேயில்லை. தனக்காக நின்ற வான்காரருக்குக் கை காட்டியபடி வந்துகொண்டிருந்தாள்.

ஆகவே கடவையில் முதலில் நிற்கிற வாகனத்தை நம்பி நடக்காதீர்கள். அதன் ஓரத்துக்கு வந்ததும் இன்னொரு தரம் நின்று, தலையை நீட்டிப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். இதை அம்மாவுக்கும் பழக்குங்கள்.

வெளி பார்த்து இறங்குவதில் உள்ள ஆபத்தைக் கணக்காகவே சொல்கிறேன். அம்மா செக்கனுக்கு 80 சென்றிமீற்றர் நடக்கிறா என்று வைப்போம். 10 மீற்றர் அகலத் தெருவைக் கடக்க 12 செக்கனுக்கு மேல் வேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற மோட்டார் சைக்கிள் அதற்குள் 160 மீற்றருக்கு மேல் வந்துவிடும். அம்மா இறங்கும்போது அது கண்ணிலேயே பட்டிருக்காது! கடவையிலாவது சாரதிக்கு ஆள் வரும் என்ற எதிர்பார்ப்பு இருக்கும்.

இங்கே வாகனங்கள் இடப்பக்கமாக ஓடுவதால் முதலில் வலத்திலிருந்துதான் வரும். தெருவின் பாதிவரை அம்மாவின் வலப்பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள், பிறகு இடப்பக்கத்துக்கு மாறுங்கள். கையை உயர்த்தி, சில்லு நின்றபிறகே காலை வையுங்கள். பாதியில் திரும்பி ஓட விடவேண்டாம்.

சாரதிமாருக்கும் ஒன்று சொல்லவேண்டும்: கடவையில் நிற்கிற வாகனத்தை விலத்தாதீர்கள். ஏன் நிற்கிறது என்று தெரியாவிட்டாலும் நீங்களும் நில்லுங்கள்.

கேள்வி: கோடு வெள்ளையாக இருக்க, ஏன் மஞ்சள் கடவை என்கிறோம்?
- மாணவர், சுன்னாகம்

பதில்: முன்பு இலங்கையில் இந்தக் கோடுகளை மஞ்சளில்தான் அடித்தார்கள். வெள்ளைக்கு மாறிய பிறகும் பழைய பெயர் வாயில் நின்றுவிட்டது. உங்கள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கோடு தேய்ந்திருந்தால், மழைக்காலம் வரமுன் அதிபரிடம் சொல்லி எழுத்தில் அறிவியுங்கள். நனைந்த தாரில் தேய்ந்த கோடு சாரதிக்குத் தெரியாது.