பழி ஜனங்கள் மீதா, படிக்கட்டு மீதா?

கேள்வி: லண்டன் பெத்னல் கிரீன் சுரங்க ரயில் நிலையத்தில் 1943இல் நெரிசலில் 173 பேர் இறந்தார்கள். அன்று அங்கே குண்டே விழவில்லையாம். ஜனங்கள் பீதியில் முண்டியடித்ததுதானே காரணம்?

பதில்: குண்டு விழவில்லை என்பது சரி. மற்றது சரியில்லை.

அப்போது அந்த நிலையத்தில் ரயிலே ஓடவில்லை. சென்ட்ரல் லைனைக் கிழக்கே நீட்டும் வேலை போரால் பாதியில் நின்றது. தண்டவாளம் போடாத அந்தச் சுரங்கத்தை 1940 முதல் ஜனங்கள் பதுங்குமிடமாகப் பயன்படுத்தினார்கள். உள்ளே 5,000 படுக்கைகள். இறங்குவதற்கு ஒரே வாசல்.

மார்ச் 3 இரவு 8.17க்கு அபாயச் சங்கு ஊதியது. இரண்டு நாள் முன்பு பிரிட்டிஷ் விமானங்கள் பெர்லினில் குண்டு போட்டிருந்ததால், பதிலடி நிச்சயம் என்று ஊரே எதிர்பார்த்தது. கைக்குழந்தைகளோடு வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிஷத்தில், பக்கத்து விக்டோரியா பூங்காவிலிருந்து புது ரக விமான எதிர்ப்பு ராக்கெட்டுகள் சீறின. யாருக்கும் பழக்கமில்லாத சத்தம். வெளியே நின்றவர்கள் வேகமாக உள்ளே நகர்ந்தார்கள். அதே நேரம் கீழ்ப்படியில் குழந்தையோடு ஒரு பெண் தடுக்கி விழ, பின்னால் வந்தவர்கள் அவர் மேல் விழுந்தார்கள். மேலே இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? 19 படிகள்தான். அதற்குள் சுமார் 300 பேர் சிக்கினார்கள். இறந்தவர்களில் 62 பேர் குழந்தைகள்.

இனி அந்தப் படிக்கட்டைப் பாருங்கள். மழையில் நனைந்திருந்தது. ஒரே ஒரு மங்கல் பல்பு. நடுவில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, வாசலில் போலீஸ்காரரும் இல்லை. வாசல் மரத்தடுப்பு கூட்ட நெருக்கடியைத் தாங்காது, செங்கல் சுவர் வேண்டும் என்று 1941லேயே உள்ளூர் நகராட்சி அனுமதி கேட்டது. மேலதிகாரிகள் மறுத்துவிட்டார்கள்.

நடந்ததை மாஜிஸ்திரேட் லாரன்ஸ் டன் அதே மாதம் விசாரித்து அறிக்கை கொடுத்தார். உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன் அதை 1945 வரை வெளியிடவில்லை. அந்த இடைவெளியில்தான் 'பீதி' என்ற பேச்சு ஊன்றிக்கொண்டது. கணவரை இழந்த ஒரு பெண் நகராட்சி மீது வழக்குப் போட்டு 1944இல் ஜெயித்தார். படிக்கட்டில் ஜனங்கள் முண்டியடிக்கவில்லை என்றுதான் நீதிபதி சொன்னார். அப்புறமும் நாம் ஏன் இறந்தவர்கள் மேலேயே பழி போட வேண்டும்?

அந்த நிலையத்தில் ரயில் ஓடத் தொடங்கியது 1946 டிசம்பரில். நடுக் கைப்பிடிகள் அதற்கும் முன்பே, நெரிசல் நடந்த கையோடு வந்துவிட்டன.