சேலையை உருவினால் சுரீர் என்கிறதே?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "பாலியஸ்டர் சேலைகளைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவி அடுக்கும்போது இரும்பு அலமாரியில் விரல் பட்டால் சுரீர் என்று அடிக்கிறது. பருத்திச் சுங்குடிப் பிரிவில் இருந்தவரை இப்படி இல்லை. கரண்ட் கசிகிறதா?"

ஒரு முறை சட்டென்று அடித்துவிட்டு, உடனே மறுபடி தொட்டால் ஒன்றும் தெரியவில்லையா? அது கசிவு இல்லை. கையை எடுக்கும்வரை விறுவிறு என்று இருந்தால்தான் கசிவு; மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

நீங்கள் சொன்னதில் சுங்குடிதான் துப்பு. பருத்தி காற்றின் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். அந்த ஈரத்தின் வழியே மின்னூட்டம் வடிந்துவிடும். பாலியஸ்டர் ஈரம் குடிக்காது. அது உறையோடு ஒட்டிப் பிரியும்போது எலக்ட்ரான்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகின்றன. இழந்தது நேர்மின்னூட்டம் பெறும், வாங்கியது எதிர்மின்னூட்டம். 'தேய்த்தால் மின்னூட்டம் உண்டாகிறது' என்று எழுதிய எத்தனையோ பிளஸ் டூ விடைத்தாள்களைத் திருத்தியிருக்கிறேன். புதிதாக எதுவும் உண்டாவதில்லை. சீட்டுப் பணம்போல் கைமாறுகிறது, அவ்வளவுதான். அந்த மின்னூட்டம் உங்கள் உடம்பிலும் ஏறுகிறது. ரப்பர் செருப்பு தரையில் இறங்க விடாது. ஏ.சி. காற்றையும் உலர்த்திவிடுகிறது.

விரலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் காற்றிடைவெளியைப் பொறி தாண்டச் சுமார் 3,000 வோல்ட் வேண்டும். வீட்டு மின்சாரமே 230 வோல்ட்தான்! ஆனால் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுர உச்சியிலிருந்து ஒரு துளித் தண்ணீர் தலையில் விழுந்தால் என்ன ஆகும்? உயரம் (வோல்ட்) பெரிது, தண்ணீர் (மின்னூட்டம்) கொஞ்சம். உங்கள் உடம்பில் சேரும் மின்னூட்டம் பெரும்பாலும் ஒரு கூலூமில் (மின்னூட்டத்தை அளக்கும் அலகு) பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட வராது; கண் இமைப்பதற்குள் தீர்ந்துவிடும். வீட்டு இணைப்போ விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆளைக் கொல்வது அந்த ஓட்டம்.

கசிவு இல்லையென்று உறுதியானபின், சாவியை உள்ளங்கையில் இறுகப் பிடித்து அதன் நுனியால் முதலில் அலமாரியைத் தொடுங்கள். பொறி சாவியில் விழும், விரல்நுனியில் குத்தாது. உறையை வேகமாக உருவாதீர்கள். தரையை ஈரத்துணியால் துடைத்து, வெறுங்காலில் நின்றால் பாதித் தொல்லை தீரும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சேலையில் கறை எடுக்கப் பெட்ரோல் வைத்திருந்தால் அதை இந்த அலமாரிப் பக்கமே கொண்டுவராதீர்கள். உங்களுக்குச் சுரீர் என்கிற அதே பொறி, பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கப் போதும்.