கிழங்கு வெடித்த தரை

அன்புள்ள ஐயா,

மெல்போர்னில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தில் எமிலி காம் உங்வாரே என்ற பூர்வகுடிப் பெண்மணியின் ஓவியம் ஒன்றைப் பார்த்தேன். சுவர் நீளத்துக்குக் கறுப்பு, அதன்மேல் வெள்ளைக் கோடுகள், அவ்வளவுதான். அரூப ஓவியம் என்றான் மகன். எனக்கு என்னவோ வாசலில் போடும் சிக்குக் கோலம்தான் ஞாபகம் வந்தது. அப்படிப் பார்ப்பது தப்பா?

ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள அம்மா,

தப்பெல்லாம் இல்லை. ஆனால் சிக்குக் கோலத்துக்குப் புள்ளிக்கணக்கு உண்டு, இங்கே கிழங்குதான் கணக்கு, அவர் ஊர்ப் பக்கம் விளையும் ஒரு காட்டுக் கிழங்கு. மண்ணுக்குள் கிழங்கு முற்றினால் மேலே தரை வெடிக்கும், அதைப் பார்த்துத்தான் பெண்கள் தோண்டுவார்கள். நீங்கள் பார்த்தது அந்த வெடிப்பும் வேரும். (அந்தச் செடி நம் உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் ஒன்றுவிட்ட தங்கை, அதே பேரினம்.) அவர் பெயரில் வரும் 'காம்' என்பதே அதன் விதைதான். 1995இல், எண்பது தாண்டிய வயதில், துணியைத் தரையில் விரித்து அதன்மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, எட்டு மீட்டர் நீளத்தை இரண்டே நாளில் முடித்திருக்கிறார்.

கான்வாஸ் அவர் கைக்கு வந்ததே 1988 வாக்கில்தான். அதற்கு முன் பத்து வருடம் பாத்திக், அதாவது துணியில் மெழுகால் வரைந்து சாயம் ஏற்றும் வேலை. அதற்கும் முன்னால் உடம்பு. 'அவெலி' என்று பெண்களுக்கே உரிய சடங்கு, பாடிக்கொண்டே மார்பிலும் தோளிலும் காவிமண்ணால் கோடு இழுப்பார்கள், எந்தக் கோடு எந்த நிலத்துக்கு உரியது என்பது பெரியவர்களிடமிருந்து வருவது. 1970களின் கடைசியில் மத்திய ஆஸ்திரேலியாவில் அவர்களுடைய உடோப்பியா பகுதிக்கு நில உரிமை விசாரணை நடந்தபோது, பட்டா என்று நீட்ட ஒரு காகிதம் இல்லாத அந்தப் பெண்கள் அவெலி ஆடிக் காட்டினார்கள். அதுவும் சாட்சியமாக நின்றது, நிலமும் கிடைத்தது. இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு அரூபம் என்ற சொல் எனக்கு வாயில் வரமாட்டேன் என்கிறது. என்ன வரைகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் 'எல்லாமே' என்றுதான் சொன்னார், அப்புறம் கிழங்கு, பல்லி, புல்விதை, ஈமு என்று அடுக்கினார்.

சரி, எல்லாமே உன்னதம் என்றும் சொல்லமாட்டேன். 1996இல் இறப்பதற்குள் எட்டு வருடத்தில் சுமார் 3,000 படங்கள், சிலவற்றில் அவசரம் அப்படியே தெரிகிறது.

அடுத்த முறை போனால் ஏதாவது ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பாருங்கள். அச்சுப் படத்தை வைத்துக்கொண்டு நானும் இரண்டு தடவை முயன்றேன், பாதியிலேயே தொலைத்துவிட்டேன்.