அடிமை முறையிலிருந்து உள்நாட்டுப் போர் வரை: அமெரிக்க வரலாறு குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெரிக்க அரசியல் சாசனம் கறுப்பின மக்களை "ஐந்தில் மூன்று மனிதர்" என்று மதிப்பிட்டதாகப் படித்தேன். இது உண்மையா?

கணக்கு உண்மை, விளக்கம்தான் பிசகு. 1787 சாசனத்தில் "அடிமை" என்ற சொல்லே கிடையாது. "மற்ற நபர்கள்" என்று சுற்றி வளைத்து எழுதினார்கள். பிரதிநிதிகள் சபையில் மாநிலங்களுக்கு மக்கள்தொகைப்படி இடம் கொடுக்க வேண்டியிருந்தது. அடிமைகளை முழுத் தலையாக எண்ணுங்கள் என்றது தெற்கு. வாக்குரிமையே இல்லாதவர்களை எதற்கு எண்ண வேண்டும் என்றார்கள் வடக்கில் பலர். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முழுத் தலையாக எண்ணச் சொன்னவர்கள் அடிமை வைத்திருந்தவர்கள். அந்த மக்களின் தலைக்கணக்கில் தங்களுக்குக் கூடுதல் இடம் கேட்டார்கள். கடைசியில் ஐந்துக்கு மூன்று என்று முடிந்தது.

இதன் பலனைப் பார்க்க ஒரு கணக்குப் போடலாம். 1790 கணக்கெடுப்பில் வர்ஜீனியாவின் மக்கள்தொகை 7,47,610. அதில் அடிமைகள் 2,92,627 பேர். அவர்களை விட்டுவிட்டால் மிச்சம் 4,54,983. 33,000 பேருக்கு ஓர் இடம், மீதியைத் தள்ளிவிடு என்பது அன்றைய விதி. அதன்படி 13 இடம்தான் வரும். அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கான 1,75,576-ஐச் சேர்த்தால் 6,30,559. அதாவது 19 இடம். வர்ஜீனியாவுக்குக் கிடைத்ததும் 19தான். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் வாக்குகளும் இந்த எண்ணிக்கையை ஒட்டியே வருவதால், அடிமை வைத்திருந்தவர்களின் பலம் வெள்ளை மாளிகை வரை நீண்டது.

கேள்வி: மிசௌரி சமரசத்தில் வரும் 36 பாகை 30 கலைக் கோடு எதற்காக? வரைபடத்தில் ஒரு கோடு போட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

செனட்டின் கணக்குக்காக அட்சரேகையை ஒட்டிப் போட்ட கோடு அது. சிறியதோ பெரியதோ, ஒவ்வொரு மாநிலத்துக்கும் செனட்டில் இரண்டு இடம். வடக்கில் மக்கள்தொகை வேகமாக ஏறியதால் பிரதிநிதிகள் சபை தெற்கின் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. செனட்டில் சரிபாதி இருந்தால் பிடிக்காத சட்டத்தை அங்கே நிறுத்திவிடலாம்.

1819 பிப்ரவரியில் மிசௌரி மாநிலமாகக் கேட்டபோது, நியூயார்க் உறுப்பினர் ஜேம்ஸ் டால்மேட்ஜ் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். புதிதாக அடிமைகளைக் கொண்டுபோகக் கூடாது, இனிப் பிறக்கும் குழந்தைகளுக்கு 25 வயதில் விடுதலை. பிரதிநிதிகள் சபை அதை ஏற்றது, செனட் நிராகரித்தது. 1820-ல் மூன்று அம்சங்களைச் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள்: மிசௌரி அடிமை மாநிலம், மெய்ன் சுதந்திர மாநிலம், பிரான்சிடம் வாங்கிய லூசியானா நிலத்தில் மிசௌரி நீங்கலாக அந்தக் கோட்டுக்கு வடக்கே அடிமை முறை கூடாது. 11-க்கு 11 என்றிருந்தது 12-க்கு 12 ஆனது.

"லூசியானா நிலத்தில்" என்ற சொற்களில்தான் பலவீனம் இருந்தது. மெக்சிகோவுடனான போரில் (1846–48) கலிபோர்னியா உட்படப் பெரும் நிலப்பரப்பு கைக்கு வந்தது. அந்தக் கோடு அங்கே செல்லாது. போர் நடக்கும்போதே, பிடிக்கும் நிலத்தில் அடிமை முறை கூடாது என்று பிரதிநிதிகள் சபை உறுப்பினர் டேவிட் வில்மோட் ஒரு திருத்தம் முன்மொழிந்தார். பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டில் நின்றது. அந்த வாக்கெடுப்பில் உறுப்பினர்கள் கட்சியை மறந்து வடக்கு, தெற்கு என்று பிரிந்து நின்றார்கள். கட்சிக் கட்டு அவிழத் தொடங்கியதற்கு என்னைக் கேட்டால் 1846 ஆகஸ்டைத்தான் காட்டுவேன்.

கேள்வி: தப்பியோடிய அடிமைகள் சட்டம் வடக்கை அவ்வளவு கொதிக்க வைத்தது ஏன்? ஓடியவர்கள் எண்ணிக்கை குறைவுதானே?

எண்ணிக்கை குறைவுதான். சட்டம் நடந்த விதத்தைப் பார்த்தால் கோபம் புரியும். 1850 சமரசத்தில் கலிபோர்னியா சுதந்திர மாநிலமானது. அதற்கு ஈடாகத் தெற்கு வாங்கிக்கொண்டது இந்தச் சட்டம்.

உரிமை கோருகிறவர் தன் மாநில நீதிமன்றத்தில் ஒரு சத்தியப் பத்திரம் வாங்கிக்கொண்டு வடக்கே வருவார். பிடிபட்டவரைக் கூட்டாட்சிக் கமிஷனர் முன் நிறுத்துவார்கள். ஜூரி கிடையாது. பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. "இவர் அடிமை" என்று கமிஷனர் சான்றிதழ் கொடுத்தால் அவருக்குக் கட்டணம் 10 டாலர். இல்லை என்று விட்டுவிட்டால் 5 டாலர். எழுத்து வேலை கூடுதல் என்று காரணம் சொன்னார்கள். வடக்கே அதை யாரும் நம்பவில்லை. பிடிக்க மறுக்கும் மார்ஷலுக்கு (கூட்டாட்சிக் காவல் அதிகாரி) 1,000 டாலர் அபராதம். ஒளித்து வைத்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும். தெருவில் போகிற எவரையும் "வந்து பிடி" என்று அழைக்க அதிகாரம். தன் ஊரில் அடிமை முறையே இல்லை என்று ஒதுங்கியிருந்த மனிதரை, பிடித்துக் கொடுக்கும் வேலைக்கு இழுத்துவிட்டது இந்தச் சட்டம்.

ஆன்டனி பர்ன்ஸ் வர்ஜீனியாவிலிருந்து பாஸ்டனுக்குத் தப்பி வந்தவர். 1854 மே மாதம் பிடிபட்டார். மீட்க வந்த கூட்டம் நீதிமன்றக் கதவை உடைத்தபோது காவலர் ஒருவர் இறந்தார். ஜூன் 2 அன்று படைவீரர்கள் இருபுறமும் அணிவகுக்க அவரைத் துறைமுகத்துக்கு நடத்திப் போனார்கள். கடைகள் மூடியிருந்தன, கட்டடங்களில் கறுப்புத் துணி தொங்கியது, ஒரு சவப்பெட்டியையும் தெருவுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒற்றை மனிதரைத் திருப்பி அனுப்ப ஒரு நகரத்தையே ராணுவக் காவலில் வைக்க வேண்டியிருந்தது. மறு ஆண்டு பாஸ்டன் மக்கள் 1,300 டாலர் திரட்டி அவரை விலை கொடுத்து மீட்டார்கள்.

கேள்வி: கன்சாஸில் "அந்தந்த மக்களே வாக்களித்து முடிவு செய்யட்டும்" என்றார்கள். ஜனநாயக முறைதானே? ஏன் ரத்தத்தில் முடிந்தது?

செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் 1854-ல் கொண்டுவந்த கன்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம் 36 பாகை 30 கலைக் கோட்டை ரத்து செய்தது. 34 ஆண்டு நின்ற சமரசம் போயிற்று. அதற்குப் பதிலாக வந்த முறையில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. குடியேறியவர்கள் எப்போது முடிவு செய்வது, முதல் சட்டசபையிலா, மாநிலமாகும்போதா? சட்டத்தில் தெளிவில்லை. குடியிருப்பவர் யார் என்பதிலும் அப்படியே. பக்கத்திலேயே அடிமை மாநிலமான மிசௌரி. ஆற்றைக் கடந்து வந்து வாக்குப் போட்டுவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பலாம்.

நடந்ததும் அதுதான். 1855 மார்ச் தேர்தலுக்கு முன் எடுத்த கணக்குப்படி வாக்குரிமை உள்ளவர்கள் 2,905 பேர். பெட்டியில் விழுந்தவை ஆறாயிரத்துக்கும் அதிகம். அப்படி வந்த சட்டசபை, கன்சாஸில் அடிமை வைத்திருக்க உரிமை இல்லை என்று சொன்னாலோ எழுதினாலோ குறைந்தது இரண்டு ஆண்டு கடுங்காவல் என்று சட்டம் போட்டது. எதிர்த்தவர்கள் டொபீகாவில் தனி அரசு அமைத்தார்கள். ஒரே நிலத்தில் இரண்டு அரசுகள், இரண்டு தரப்பிலும் துப்பாக்கி.

1856 மே மாதத்தின் நான்கு நாட்களைத் தேதிவாரியாக வைத்துப் பாருங்கள். 21-ம் தேதி அடிமை ஆதரவுக் கும்பல் லாரன்ஸ் ஊரைச் சூறையாடியது. 22-ம் தேதி, கன்சாஸ் பற்றிப் பேசியதற்காக செனட்டர் சார்ல்ஸ் சம்னரை அவை மண்டபத்திலேயே தெற்கு கரோலினாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பிரெஸ்டன் புரூக்ஸ் கைத்தடி முறியும் வரை அடித்தார். 24-ம் தேதி இரவு, அடிமை முறையை ஆயுதத்தால் எதிர்த்த ஜான் பிரவுனின் ஆட்கள் பொட்டவாட்டமி ஓடையருகே ஐந்து பேரை வீட்டிலிருந்து இழுத்து வந்து வெட்டிக் கொன்றார்கள். சம்னர் தன் இருக்கைக்குத் திரும்பி முழுதாகப் பணியாற்ற மூன்று ஆண்டுக்கு மேல் ஆனது. புரூக்ஸுக்குத் தெற்கிலிருந்து புதுக் கைத்தடிகள் பரிசாக வந்தன.

டக்ளஸின் முறை நேர்மையாக நடந்த ஒரு சந்தர்ப்பம் 1858 ஆகஸ்ட். அடிமை ஆதரவு லெகாம்ப்டன் சாசனத்தை கன்சாஸ் மக்கள் 11,300-க்கு 1,788 என்று தோற்கடித்தார்கள். அதற்குள் அன்றைய இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சி சிதைந்து, அடிமை முறை பரவக் கூடாது என்ற ஒரே புள்ளியில் குடியரசுக் கட்சி எழுந்துவிட்டது.

கேள்வி: ட்ரெட் ஸ்காட் தீர்ப்பை இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

விடுதலை கேட்டு வழக்குப் போட்ட அடிமை ட்ரெட் ஸ்காட்டுக்கு உச்ச நீதிமன்றம் சொன்னது, 1857 மார்ச் 6, ஏழுக்கு இரண்டு: கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமகனாக முடியாது, மாநிலமாகாத நிலங்களில் அடிமை முறையைத் தடுக்க காங்கிரஸுக்கு (அமெரிக்க நாடாளுமன்றம்) அதிகாரமில்லை. தகராறைத் தீர்ப்பதாக நினைத்துச் சொன்ன தீர்ப்பு, புதிய குடியரசுக் கட்சியின் முழுக் கொள்கையையும் சட்ட விரோதமாக்கியது; டக்ளஸின் "மக்களே முடிவு செய்யட்டும்" என்பதும் அதனால் ஆட்டம் கண்டது.

கேள்வி: பிரிவினைக்குக் காரணம் மாநில உரிமையும் இறக்குமதி வரியும்தான், அடிமை முறை ஒரு சாக்கு என்று நண்பர்கள் வாதிடுகிறார்கள். என்ன பதில் சொல்வது?

பிரிந்து போனவர்களே எழுதிய ஆவணங்களை அவர்கள் முன் வையுங்கள். தெற்கு கரோலினா 1860 டிசம்பரில் வெளியிட்ட பிரகடனத்தின் முக்கியப் புகார், வட மாநிலங்கள் தப்பியோடியவர்களைத் திருப்பித் தரவில்லை என்பது. அடிமைகளோடு தன் எல்லையைக் கடந்து செல்லும் உரிமையை நியூயார்க் மறுக்கிறது என்றும் குறைப்படுகிறது. அதாவது வட மாநிலங்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்தியதுதான் குற்றம்! மிசிசிப்பியின் பிரகடனம் தொடக்கத்திலேயே, தங்கள் நிலை அடிமை முறையோடு முழுதாக ஒன்றிய ஒன்று என்று சொல்லிவிடுகிறது. பிரிந்த மாநிலங்கள் அமைத்த கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச் 21-ல் சவானாவில் பேசியபோது, வெள்ளையருக்குக் கறுப்பினத்தவர் சமமல்லர் என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்றார்.

அவர்கள் எழுதிய சாசனத்தையும் எடுத்துப் பாருங்கள். அடிமைச் சொத்துரிமையைக் குறைக்கும் சட்டம் இயற்றக் கூடாது, புதிதாகச் சேரும் நிலங்களில் அடிமை முறையைக் கூட்டாட்சி பாதுகாக்க வேண்டும் என்று இருக்கிறது. 1850-ல் தப்பியோடிய அடிமைகள் சட்டத்துக்காக மாநிலங்களை மீறிக் கூட்டாட்சி அதிகாரத்தை நீட்டச் சொன்னதும் இதே தெற்குதான்.

வரி வாதம் 1832-33-க்குப் பொருந்தும்; அப்போது தெற்கு கரோலினா வரிச் சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தது. 1860-ல் நடைமுறையில் இருந்ததோ 1857-ன் குறைந்த வரி. அதை உயர்த்திய மோரில் சட்டம் செனட்டில் நிறைவேறியது தென் உறுப்பினர்கள் பலர் வெளியேறிய பிறகு.

கேள்வி: இருக்கும் மாநிலங்களில் அடிமை முறையைத் தொட மாட்டேன் என்று லிங்கன் சொன்னாரே. பிறகு ஏன் அவசரப்பட்டுப் பிரிந்தார்கள்?

தேர்தல் கணக்கே அவர்களை உலுக்கியது. 1860 ஏப்ரலில் சார்ல்ஸ்டன் மாநாட்டில், அடிமை முறையைப் பாதுகாக்கும் கூட்டாட்சிச் சட்டம் கேட்டுக் கிடைக்காததால் ஆழ்தெற்குப் பிரதிநிதிகள் வெளிநடப்புச் செய்தார்கள்; ஜனநாயகக் கட்சி இரண்டானது. நான்கு முனைப் போட்டியில் லிங்கனுக்கு 39.8 சதவீத வாக்கு, ஆனால் 303 தேர்வாளர் வாக்கில் 180. வாக்கு சிதறியதால் ஜெயித்தார் என்பார்கள். மற்ற மூவரின் வாக்குகளையும் ஒன்றாகக் கூட்டினாலும் அவருக்கு 169 மிஞ்சும், தேவை 152. தெற்கின் பெரும்பகுதியில் அவர் பெயரில் வாக்குச்சீட்டே இல்லை. தெற்கின் ஒரு வாக்குகூட இல்லாமல் குடியரசுத் தலைவராகலாம் என்று அன்று தெரிந்துபோனது. செனட்டும் 18-க்கு 15 ஆகிவிட்டிருந்தது.

தபால் அலுவலகம் இன்னொரு பயம். தெற்கில் போஸ்ட்மாஸ்டர்களை நியமிப்பது இனி லிங்கன். அடிமை ஒழிப்புப் பிரசுரங்களைச் சார்ல்ஸ்டனில் 1835-ல் தபால் பையோடு எடுத்துக் கொளுத்தினார்கள். இனி அந்தத் தடை நிற்குமா? ஏறத்தாழ 40 லட்சம் அடிமைகளின் சந்தை விலை சுமார் 300 கோடி டாலர். நாட்டின் ரயில் பாதைகள், ஆலைகள் எல்லாவற்றிலும் போட்ட முதலைவிட அதிகம். மனிதர்களை அப்படி முதலாக்கி வைத்திருந்தவர்கள், நாலு ஆண்டு பொறுத்துப் பார்க்கத் தயாராக இல்லை. டிசம்பர் 20-ல் தெற்கு கரோலினா, பிப்ரவரி 1-க்குள் மேலும் ஆறு மாநிலங்கள். 1861 ஏப்ரல் 12 அதிகாலை, சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் கூட்டாட்சி வசமிருந்த சம்டர் கோட்டை மீது தெற்கின் பீரங்கி. லிங்கன் 75,000 வீரர்களைக் கேட்டதும் வர்ஜீனியா, ஆர்கன்சா, டென்னசி, வட கரோலினா போயின.

கேள்வி: அடிமையே இல்லாத ஏழை வெள்ளையர் ஏன் போரிட்டார்கள்?

பிரிந்த மாநிலங்களில் சுமார் மூன்றில் ஒரு வெள்ளைக் குடும்பம் அடிமை வைத்திருந்தது. மிசிசிப்பியில் ஏறக்குறையப் பாதி. உறவினரிடம், பக்கத்துப் பண்ணையில் என்று மற்றவர்களின் பிழைப்பும் அதில் கலந்திருந்தது. தோல் நிறமே தகுதி என்ற சமூகத்தில் அந்தத் தகுதி போய்விடும் என்ற பயம் அதைவிடப் பெரிது. ஆனாலும் எல்லாரும் ஒத்துப்போகவில்லை. மேற்கு வர்ஜீனியா பிரிந்து வந்து 1863-ல் தனி மாநிலமானது.

கேள்வி: இந்தப் போர் நம் ஊர்ப் பருத்தியைப் பாதித்ததா?

ஆமாம். வடக்குக் கடற்படை தென் துறைமுகங்களை அடைத்ததும், அமெரிக்கப் பஞ்சை நம்பியிருந்த லங்காஷயர் ஆலைகள் நின்றன. இந்தியப் பருத்தி விலை பல மடங்கு ஏறியது. திருநெல்வேலிச் சீமைப் பஞ்சும் அதில் அடக்கம். 1865-ல் போர் முடிந்ததும் விலை சரிந்தது.

கேள்வி: 13-வது திருத்தம் இரண்டு இருந்ததாகச் சொல்கிறார்களே?

சரிதான். 1861 மார்ச் 2-ல் காங்கிரஸ் ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. மாநிலங்களில் உள்ள அடிமை முறையில் காங்கிரஸ் எக்காலத்திலும் தலையிடக் கூடாது என்பதே அது. போதிய மாநிலங்கள் ஒப்புதல் தந்திருந்தால் அதுவே 13-வது ஆகியிருக்கும். போர் குறுக்கிட்டது.

லிங்கனின் 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனம் கிளர்ச்சிப் பகுதிகளுக்கு மட்டும். வடக்கோடு நின்ற டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரிக்குப் பொருந்தாது. ஆனால் அது கறுப்பினத்தவருக்குப் படையில் இடம் தந்தது, சுமார் 1,80,000 பேர் சேர்ந்தார்கள். நாடு முழுமைக்குமான ஒழிப்பை 1865 ஜனவரி 31-ல் பிரதிநிதிகள் சபை 119-க்கு 56 என்று நிறைவேற்றியது. ஒப்புதல் முடிந்தது அதே ஆண்டு டிசம்பர் 6. கென்டக்கியிலும் டெலவேரிலும் அடிமையாக இருந்தவர்கள் சட்டப்படி விடுதலையானது அந்த நாளில்தான்.