சோனிக் மாறிப்போனதால் அழும் மகனுக்கு

அண்ணா, வீடியோ கேமில் வரும் நீல முள்ளெலி சோனிக்கின் கார்ட்டூனைப் போட்டதும், மாங்குளத்தில் உங்கள் ஏழு வயது மகன் "இது சோனிக் இல்லை" என்று அழுவதாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் போட்டது போலி இல்லை. அது 2014இல் வந்த 'சோனிக் பூம்' கார்ட்டூன். வேண்டுமென்றே உருவத்தை மாற்றினார்கள்: சோனிக்கின் கைகள் நீலம், கழுத்தில் மண்ணிறத் துண்டு. சோனிக்கின் கூட்டாளி நக்கிள்ஸ்தான் பெரிய அதிர்ச்சி. கேமில் மரகதக் கல்லைக் காக்கும் முரடன், இங்கே மலைபோல் உடம்பும் வெள்ளை மனமுமாக எல்லாரையும் சிரிக்க வைப்பான்.

எங்கள் மருமகனும் முதல்நாள் இப்படித்தான். கேமையும் கார்ட்டூனையும் பக்கத்தில் வைத்து, "இது வேறு ஊர் சோனிக், இவன் பகிடிக்காரன்" என்று காட்டினேன். நக்கிள்ஸ் பேசத் தொடங்கியதும் பாயில் உருண்டு சிரித்தான்.

ஒட்டுசுட்டானில் எங்களுக்கு மாமரத்தடியில்தான் சிக்னல், அதனால் இதைச் சொல்கிறேன்: மொத்தம் 104 எபிசோட், ஒவ்வொன்றும் சுமார் 11 நிமிடம், அநேகமாகத் தனித்தனிக் கதை. டேட்டா இருக்கும்போது இரண்டு பார்த்தால் போதும், வரிசை தேவையில்லை.

அப்படியும் கேமில் இருக்கும் முகம்தான் வேண்டும் என்றால் 2003இல் வந்த 'சோனிக் எக்ஸ்' கார்ட்டூனைப் போடுங்கள். அது தொடர்கதை, முதலிலிருந்து பார்க்க வேண்டும்.