கடலின் நலத்தை அளக்கப் பொது வழிகாட்டி எழுதுவதில் எது கடினம்?

கேள்வி: கடல்நீரை அளக்கும் கருவிகள் உலகமெங்கும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. அப்படியிருக்க, ஒரு கடல்பகுதி நலமாக இருக்கிறதா என்று மதிப்பிடப் பல நாடுகளுக்கும் பொதுவான தொழில்நுட்ப வழிகாட்டியை உருவாக்க ஏன் இத்தனை ஆண்டுகள் ஆகின்றன?

தூத்துக்குடிக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட கடலில் பவளப்பாறைக் கணக்கெடுப்பிலும், கரையில் நீர்ப் பரிசோதனைக் கூடத்திலுமாக 14 ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். கருவிகள் ஒன்றாக இருப்பது உண்மைதான். ஆனால் அந்தக் கருவியை எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எந்த நேரத்தில் இறக்குவது, கிடைத்த எண்ணை எதோடு ஒப்பிட்டு நலம் என்றோ நலமில்லை என்றோ சொல்வது என்பதையெல்லாம் கருவி சொல்லித் தராது. அவற்றுக்கு எல்லோரும் கூடி உட்கார்ந்து எழுதிக்கொள்ளும் விடைதான் வழிகாட்டி. காலம் பிடிப்பது அந்த விடைகளுக்காகத்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த தொடக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரே தீவை ஒட்டிய ஒரே பாரை (பவளப்பாறையை எங்கள் பக்கம் பார் என்போம்), ஒரே வாரத்தில் இரண்டு குழுக்கள் கணக்கெடுத்தன. எங்கள் குழு, பாரின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிருள்ள பவளம் இருப்பதாக எழுதியது. மற்றக் குழு அதில் ஏறத்தாழப் பாதிதான் என்று எழுதியது. இரண்டு குழுவிலும் இருந்தவர்கள் நேர்மையானவர்கள், முறையும் ஒன்றுதான். அளவு நாடாவைப் பாரின் மேல் விரித்து, அதன் நெடுகிலும் மெல்ல நீந்திக்கொண்டே, நாடாவுக்கு நேர்கீழே கிளைப் பவளம் எந்த சென்டிமீட்டரில் தொடங்கி எதில் முடிகிறது, அடுத்து வருவது மணலா, செத்த பவளமா, பாசி மூடிய பவளமா என்று பலகையில் பென்சிலால் குறித்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில் நீளங்களைக் கூட்டினால் விழுக்காடு வந்துவிடும். மன்னார் வளைகுடாவின் பார்கள் பல இடங்களில் ஒரே பரப்பாக இல்லாமல், இடையிடையே மணல் திட்டுகளோடு துண்டு துண்டாகக் கிடக்கின்றன. நாங்கள் நாடாவைப் பாரின் விளிம்பை ஒட்டி, கரைக்கு இணையாக விரித்திருந்தோம். அவர்கள் கரையிலிருந்து கடலை நோக்கி விரித்திருந்ததால் இடையில் வந்த மணல் எல்லாம் அவர்கள் கணக்கில் ஏறிவிட்டது. போதாததற்கு, நுனி மட்டும் செத்துப் பாசி பிடித்த கிளைகளை நாங்கள் உயிருள்ளவை என்றும் அவர்கள் செத்தவை என்றும் எழுதியிருந்தோம். இரண்டு அறிக்கைகளையும் அடுத்தடுத்த ஆண்டுகளின் அறிக்கைகள் என்று நினைத்துப் படிக்கும் ஒருவர், ஓராண்டில் பாதிப் பவளம் அழிந்துவிட்டது என்றுதான் முடிவு கட்டுவார்.

நீர் அளவீட்டிலும் இதே சிக்கல்தான். கடல்நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்க, விங்க்ளர் என்ற ஹங்கேரிய வேதியியலாளர் 1888இல் தந்த முறையை இன்றும் அடிப்படை முறையாகப் பயன்படுத்துகிறோம். மூடி போட்ட கண்ணாடிப் புட்டியில் நீரை அடியிலிருந்து நிரப்பி, வழியவிட்டு, ஒரு குமிழிகூட இல்லாமல் மூடியைச் செருக வேண்டும். மாங்கனீசு உப்பும் கார அயோடைடும் விட்டதும் பழுப்பு நிறத்தில் வீழ்படிவு சுருண்டு இறங்கும். ஆக்சிஜன் இல்லாத நீரில் அது வெள்ளையாகவே நிற்கும். பிறகு அமிலம் விட்டு, தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, மாவுக்கரைசலின் நீல நிறம் மறையும் சொட்டில் நிறுத்த வேண்டும். இத்தனை கவனமாகச் செய்தாலும், படகில் புட்டியை நிரப்பியவர் ஒரு குமிழியை விட்டுவிட்டிருந்தால் எண் கூடிவிடும். அதைவிடப் பெரிய பிழை நேரத்தில் இருக்கிறது. கடற்புல் படுகையின் மேல் பிற்பகல் மூன்று மணிக்கு நீர் எடுத்தால் புல்லும் பாசியும் பகலெல்லாம் வெளிவிட்ட ஆக்சிஜன் நிறைந்திருக்கும். அதே இடத்தில் விடியற்காலையில் எடுத்தால், இரவெல்லாம் எல்லா உயிர்களும் மூச்சுவிட்டுத் தீர்த்தது போக மிஞ்சியதுதான் இருக்கும். மீனுக்கு ஆபத்து வருவது விடியற்காலையில். ஆனால் படகு கிடைப்பதும் ஆள் வருவதும் பெரும்பாலும் வெயில் ஏறிய பிறகே என்பதால், எத்தனையோ பட்டியல்களில் நல்ல எண்கள் மட்டுமே பதிவாகியிருக்கின்றன. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகி, கடல் பச்சையாகி, பாம்பன் பக்கம் மீன்கள் செத்து ஒதுங்கின. மீனவர்கள் அதைப் பூங்கோரை என்பார்கள். அப்படிப்பட்ட நாள்களில் எந்த மணிக்கு எடுத்த நீர் என்று எழுதப்படாத ஆக்சிஜன் எண்ணுக்கு எந்த மதிப்பும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

பல நாடுகள் சேர்ந்து இதைச் செய்து பார்த்த முயற்சிகளில் மிக விரிவானது ஐரோப்பிய ஒன்றியத்தினுடையது. உங்கள் கேள்விக்கான விடையும் அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. 2008இல் அவர்கள் கடல்சார் உத்திக்கான சட்டக நெறிமுறையை இயற்றி, 2020க்குள் தங்கள் கடல்கள் 'நல்ல சூழல் நிலையை' அடைய வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். உயிரினப் பன்மை, அயல் உயிரினங்கள், மீன்வளம், உணவு வலை, ஊட்டச்சத்து மிகுதி, கடலடித்தரை, மாசுப்பொருள்கள், குப்பை, நீரடி இரைச்சல் உள்ளிட்ட 11 தலைப்புகளில் அந்த நிலை விவரிக்கப்பட்டது. 2010இல் அதற்கு 29 அளவுகோல்களும் 56 குறிகாட்டிகளும் வகுக்கப்பட்டன. 2012இல் நாடுகள் முதல் அறிக்கைகளை அனுப்பின. அவற்றைப் பரிசீலித்த ஐரோப்பிய ஆணையம், ஒரே கடலைப் பகிர்ந்துகொள்ளும் அண்டை நாடுகள்கூட நல்ல நிலை என்பதை வெவ்வேறாக வரையறுத்திருப்பதை 2014இல் சுட்டிக்காட்டியது. சொல் பொதுவாக இருந்தது. பொருள் பொதுவாக இல்லை. 2017இல் அந்த 2010ஆம் ஆண்டு அளவுகோல்களை நீக்கிப் புதியவற்றை எழுதி, எவை கட்டாயம், எவை தேவைக்கேற்ப என்று பிரித்து, வரம்பு மதிப்புகளை நாடுகள் தனித்தனியாக அல்லாமல் கூட்டாக நிர்ணயிக்கச் சொன்னார்கள்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கடற்கரைக் குப்பை. வெளியிலிருந்து பார்த்தால் இதைவிட எளிய அளவீடு இல்லை: கரையில் நடந்து குப்பையை எண்ண வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எவ்வளவு நீளக் கரை? 100 மீட்டர். எங்கிருந்து எங்கு வரை? நீர் விளிம்பிலிருந்து மணல்மேடோ செடிகொடியோ தொடங்கும் கரையின் பின்புறம் வரை. எந்த அளவுப் பொருள் முதல்? புட்டி மூடியும் சிகரெட் துண்டும் தப்பிவிடாதபடி 2.5 சென்டிமீட்டர் முதல். அறுந்த வலைக்கயிறு பத்து இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தால் அது ஒன்றா, பத்தா? உடைந்த பிளாஸ்டிக் துண்டு எந்தப் பொருளிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் எந்த வகையில் எழுதுவது? இவை ஒவ்வொன்றுக்கும் விடை எழுதி, படங்களோடு பொதுவான வகைப் பட்டியலைத் தயாரித்து, நாடுகள் எண்ணி அனுப்பிய கணக்குகளை ஒன்றுசேர்த்த பிறகே, 100 மீட்டருக்கு 20 பொருள்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பில் 2020இல் உடன்பாடு ஏற்பட்டது. சட்டம் வந்து 12 ஆண்டுகள் கழிந்திருந்தன. 2015–2016 கணக்கில் ஐரோப்பியக் கரைகளின் நடுமதிப்பு 133 பொருள்கள். அந்த 12 ஆண்டுகளைத் தாமதம் என்று சிலர் குறை சொல்வார்கள். ஒரு கயிற்றுச் சிக்கலை எப்படி எண்ணுவது என்று பல நாட்டுக் களப்பணியாளர்கள் ஒப்புக்கொள்ளும் வரை அந்த 20 என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை என்பதால், அது வீணான காலம் என்று நான் நினைக்கவில்லை.

அளக்கும் விதம் ஒன்றானாலும் அடுத்த கேள்வி காத்திருக்கிறது: எதோடு ஒப்பிடுவது? பால்டிக் கடலின் ஆழப் பள்ளங்களில் மேலே உப்புக் குறைந்த நீரும் கீழே உப்பு மிகுந்த நீரும் கலக்காமல் அடுக்கடுக்காக நிற்பதால், ஐரோப்பாவின் வட கடலிலிருந்து புதுநீர் பெருமளவில் புகும் அரிய தருணங்களைத் தவிர, அடியில் ஆக்சிஜன் இயல்பிலேயே குறைவு. மனிதர்கள் கொட்டிய உரச்சத்து அதை மேலும் மோசமாக்கியிருக்கிறது என்பது வேறு. கிழக்கு மத்தியதரைக் கடலோ ஊட்டச்சத்து மிகக் குறைந்து, அதனாலேயே கண்ணாடிபோல் தெளிந்திருப்பது. இரண்டுக்கும் ஒரே எண்ணை வைத்தால் ஒன்று எப்போதும் நோயாளி, மற்றது எப்போதும் ஆரோக்கியசாலி. எங்கள் பக்கமும் அப்படித்தான். பாம்பனில் நின்றால் வடகடல், தென்கடல் என்று மக்கள் பிரித்துச் சொல்லும் இரண்டு கடல்கள் ஒரு பாலத்தின் இருபுறமும் இருக்கின்றன. ஆழம் குறைந்த பாக் விரிகுடாவான வடகடல் வாடைக் காலத்தில் சேறு கலங்கி நிற்கும். மன்னார் வளைகுடாவான தென்கடல் தென்மேற்குக் காற்றில் கலங்கும். 1865இல் இத்தாலியப் பாதிரியார் செக்கி கடலில் இறக்கிப் பார்த்த வெள்ளைத் தட்டையே இன்றும் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்கிறோம். ஆனால் மார்கழியில் வடகடலில் கிடைத்த ஆழத்தைத் தென்கடலின் அதே மாதத்து ஆழத்தோடு ஒப்பிட்டு மாசு என்று எழுதினால் அது காற்றின் மீது சுமத்திய பழியாகத்தான் முடியும்.

இதற்கு ஐரோப்பியர்கள் 2000ஆம் ஆண்டின் நீர்ச் சட்டக நெறிமுறையில் கண்ட வழி எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. ஒவ்வொரு நாடும் தன் கடற்கரைக்கு ஏற்ற முறையை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வகை நீர்ப்பரப்பு பாதிக்கப்படாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்பதை ஒன்று என வைத்து, இப்போதைய நிலையை பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஒரு விகிதமாகத் தர வேண்டும். நல்லது, நடுத்தரம் என்ற வகுப்புகளின் எல்லைக்கோடுகள் நாடுகளுக்கிடையே ஒத்துப்போகின்றனவா என்பதைக் கூட்டாகச் சரிபார்க்க வேண்டும். முறையைப் பொதுவாக்க முடியாத இடத்தில் பொருளைப் பொதுவாக்குவது இது.

ஆனால் பாதிக்கப்படாத நிலை எது என்பதற்கு நம்மிடம் பதிவு இருக்க வேண்டுமே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது 1986இல். அதற்கு வெகு முன்பிருந்தே சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கியே போயின. நாங்கள் கணக்கெடுக்கத் தொடங்கிய ஆண்டை இயல்பு நிலை என்று வைத்தால், அடிபட்ட உடலையே ஆரோக்கியத்தின் அளவாக வைக்கிறோம். சங்கு குளித்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் எங்கள் வரைபடத்தில் மணல் என்று குறித்திருந்த இடத்தில் விரலை வைத்து, "தம்பி, இது பாராக் கிடந்த எடம், நாங்க இதுல கால் வைக்கவே பயப்படுவோம், கிழிச்சிரும்" என்றார். அந்தச் சொல்லை எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை. எவர் சொன்னார், எந்த ஆண்டு வரை பார்த்தார், வேறு எத்தனை பேர் அதையே சொல்கிறார்கள் என்று முறையாகப் பதிவு செய்ய ஒரு பகுதி எல்லா வழிகாட்டிகளிலும் இருந்தே ஆக வேண்டும்.

எல்லா எண்களையும் கூட்டி ஒரே மதிப்பெண் தருவதைப் பற்றியும் கேட்பீர்கள். சராசரி எடுத்தால், நீர் நன்றாக இருப்பது கடற்புல் அழிந்ததை மறைத்துவிடும். ஒன்று தவறினாலும் மொத்தமும் தோல்வி என்றால், பத்தில் ஒன்பது தேறிய கடலும் தேறாததாகவே நின்று, பாடுபட்டவர்கள் மனம் சோர்ந்துவிடுவார்கள். ஆகவே கூறுகளைத் தனித்தனியாகவே காட்டுவது நல்லது என்பேன்.

ஆய்வுக்கூடங்களுக்கிடையிலான ஒப்பீட்டைச் சொல்லாமல் விட முடியாது. ஐரோப்பாவில் 1992 முதல் குவாசிமீம் என்ற திட்டத்தின் கீழ், உள்ளடக்கம் தெரியாத ஒரே மாதிரியைப் பல கூடங்களுக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடுகிறார்கள். அதுபோன்ற சிறிய ஒப்பீடு ஒன்றில் நான் அப்போது வேலை பார்த்த கூடத்தின் பாஸ்பேட் அளவு மற்ற எல்லோரையும்விட உயர்ந்து நின்றது. மூன்று வாரம் தேடிய பின், புட்டி கழுவும் சோப்புத்தூளில் பாஸ்பேட் இருந்தது தெரியவந்தது. அதுவரை நாங்கள் மாசு என்று எழுதி அனுப்பிய எண்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. அதன் பிறகு புட்டிகளை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மட்டுமே கழுவ வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டினோம்.

முதலில் சொன்ன இரண்டு குழுக்களின் கதையில் மிச்சம் இருக்கிறது. யார் கணக்கு சரி என்று கடிதம் எழுதிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு, கடல் அடங்கிய ஒரு காலையில் இரு தரப்பும் ஒரே வள்ளத்தில் போய், ஒரே நாடாவை விரித்து இறங்கினோம். பாசி பிடித்த முதல் கிளையிலேயே நின்றுவிட்டோம். மேலே வந்து, வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்தபடி பேசி, மறுபடி இறங்கிப் பார்த்து, மறுபடி மேலே வந்தோம். நண்பகலுக்குள் 20 மீட்டர்தான் முடிந்தது. நாடாவைப் பாரின் விளிம்புக்கு இணையாகவே விரிப்பது, நாடாவுக்கு நேர்கீழே வரும் புள்ளியில் திசு இருந்தால் மட்டும் உயிருள்ளது என எழுதுவது, நுனி செத்திருந்தால் அந்த சென்டிமீட்டரைத் தனியாகக் குறிப்பது என்ற மூன்று வரிகளைப் பலகையில் எழுதி இரு தரப்பும் பெயரெழுத்துப் போட்டோம். மறுநாள் இரண்டு குழுக்களும் அந்த வரிகளை வைத்துக்கொண்டு தனித்தனியாக இறங்கியபோது, எங்கள் கணக்குகளுக்கு இடையே இரண்டு விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இல்லை.